வேர்டு கோப்பில் உள்ள கமென்ட்களை மட்டும் தனிப் பட்டியலாக எடுப்பது எப்படி?

வெண்ணாறு:
வணக்கம். என் அப்பா பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வயது 76. கல்லணைக்குக் கீழே வெண்ணாற்றுப் பகுதியில் தான் பார்த்த மதகுகள், வாய்க்கால்கள், முறை வைத்துத் தண்ணீர் விட்ட கோடைகள், மேட்டூர் ஜூன் 12-இல் திறக்குமா என்று ஊரே காத்திருந்த வருடங்கள், எல்லாவற்றையும் மூன்று வருடமாக எழுதினார். அவர் கையால் எழுதியதை நான் வேர்டில் தட்டச்சு செய்தேன். 340 பக்கம்.

மூன்று பேரிடம் படிக்கக் கொடுத்தோம். ஒருவர் முடித்து அடுத்தவருக்கு அனுப்ப, ஒரே கோப்பில் மூவரின் குறிப்புகளும் இருக்கின்றன: அப்பாவோடு வேலை பார்த்த ஒரு மாமா, என்னுடைய பள்ளித் தமிழாசிரியை, சிவில் படித்த சித்தி மகன். மூவருமே உழைத்துப் படித்திருக்கிறார்கள். கமென்ட்கள் 250-க்கு மேல் இருக்கும்.

அப்பாவால் திரையில் ஓரத்துக் கட்டங்களைப் படிக்க முடியவில்லை. கமென்ட்களோடு அச்செடுத்தால் வேர்டு பக்கத்தையே சுருக்கிவிடுகிறது, எழுத்து எறும்பு மாதிரி வருகிறது. அவர் கேட்பது தாளில் ஒரு பட்டியல்: எந்தப் பக்கம், எந்த வரிகள், யார் சொன்னது, என்ன சொன்னார், பக்கத்தில் அவர் பதில் எழுத வெற்றிடம். இரண்டு நாள் ராத்திரி உட்கார்ந்து கையால் எடுத்து ஒட்டினேன். 30 முடித்துச் சரிபார்த்தபோது நடுவில் இரண்டு விட்டுப்போயிருந்தன. அதில் ஒன்று, ஒரு ஷட்டரின் அளவு தப்பு என்று மாமா எழுதியது. அது விட்டுப்போயிருந்தால் தப்பான அளவே புத்தகத்தில் ஏறியிருக்கும். அதனால்தான் கேட்கிறேன், ஒன்றுகூட விடாமல் எடுக்க வழி உண்டா? கணினியில் வேர்டு 2016 இருக்கிறது.

அச்சுக்கோவை:
அப்பாவுக்கு என் வணக்கம். பாசனப் பணியாளர்களான லஸ்கர்களோடு மதகில் நின்றவர் எழுதும் புத்தகம் அவசியம் வர வேண்டும்.

முதலில் எளிய வழி. ஃபைல், பிரின்ட் போனால் ‘பிரின்ட் ஆல் பேஜஸ்’ என்று இருக்கும் இடத்தை அழுத்துங்கள். அந்தப் பட்டியலில் ‘லிஸ்ட் ஆஃப் மார்க்கப்’ என்று ஒன்று உண்டு. புத்தகப் பக்கங்கள் இல்லாமல், பக்க எண், பெயர், தேதியோடு கமென்ட்கள் அச்சாகும், ட்ராக் சேஞ்சஸில் செய்த திருத்தங்கள் இருந்தால் அவையும் சேர்ந்து வரும். ஆனால் எந்த வரியைப் பற்றிய குறிப்பு என்பது அதில் வராது. ‘இது சரியா?’ என்று மட்டும் ஒருவர் எழுதியிருந்தால், எது சரியா என்று அப்பா புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கும். பதில் எழுத இடமும் கிடையாது.

நான் ஒரு சிறிய பதிப்பகத்துக்குப் பிரதி பார்க்கிறேன், இதற்கு மேக்ரோதான் (வேர்டுக்குள்ளேயே ஓடும் சிறு நிரல்) வைத்திருக்கிறேன். கோப்பின் நகல் ஒன்றைத் திறந்து ஆல்ட், எஃப்11 அழுத்தினால் மேக்ரோ எழுதும் இடமான விபிஏ எடிட்டர் வரும். இன்சர்ட், மாட்யூல். அங்கே எழுத வேண்டியது ஒரு சுற்று மட்டும்தான்: ஆக்டிவ்டாக்குமென்ட்டின் ‘கமென்ட்ஸ்’ தொகுப்பில் ஒவ்வொன்றாக எடுத்து, புதிய கோப்பில் உள்ள அட்டவணையில் ஒரு வரிசை சேர்க்க வேண்டும். ‘ஆத்தர்’ சொன்னவர் பெயர். ‘ரேஞ்ச்’ அவர் எழுதிய குறிப்பு. ‘ஸ்கோப்’ அவர் தொட்டுக் காட்டிய இடம். ஐந்தாவது நெடுவரிசையைக் காலியாக விடுங்கள், அது அப்பாவுடையது. முழு நிரலைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டவை சில உண்டு. படிக்கிறவர் எதையும் தேர்ந்தெடுக்காமல் கமென்ட் போட்டால் வேர்டு அருகில் இருக்கும் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளும். பட்டியலில் ‘என்று’ என மட்டும் வந்து நிற்கும். அதனால் ஸ்கோப்பை அப்படியே எடுக்காமல், அது இருக்கும் பத்தி முழுவதையும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். வாக்கியமாக எடுக்கலாமே என்று தோன்றும். பெயருக்கு முன்னால் வரும் இனிஷியலின் புள்ளியைக்கூட வேர்டு வாக்கிய முடிவாக எடுத்துக்கொள்ளும், வேண்டாம்.

அப்புறம் பக்க எண். முன்னுரைக்கு ரோமன் எண் போட்டிருந்தால், வேர்டு எண்ணும் 15-ஆம் பக்கம் தாளில் 1 என்று இருக்கும். ‘அட்ஜஸ்டட்’ என்று வரும் பக்க எண்ணைக் கேட்டால்தான் தாளில் உள்ள எண் கிடைக்கும். மேக்ரோவை ஓட்டும் முன் ரிவ்யூ தாவலில் காட்சியை ‘ஒரிஜினல்’ என்று மாற்றுங்கள். திருத்தங்கள் செய்யும் முன் எடுத்த அச்சுதானே அப்பா கையில் இருக்கிறது? அப்போதுதான் பக்கம் பொருந்தும்.

அட்டவணைத் தலைப்பை மேக்ரோவுக்குள் தமிழில் எழுதாதீர்கள். விபிஏ எடிட்டர் தமிழைக் கேள்விக்குறிகளாக மாற்றிவிடும். பட்டியல் வந்தபின் கையால் தட்டுங்கள்.

பைதான்_பழகுநர்:
மேக்ரோ பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி. வேர்டு சேமிக்கும் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். நகல் எடுத்து, கோப்புப் பெயரின் கடைசியில் உள்ள டாக்எக்ஸை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே ‘வேர்டு’ என்ற கோப்புறையில் ‘கமென்ட்ஸ்’ என்ற எக்ஸ்எம்எல் கோப்பு தனியாக இருக்கும். ஒவ்வொரு குறிப்புக்கும் ஓர் எண், பெயர், தேதி. அதே எண் ‘டாக்குமென்ட்’ எக்ஸ்எம்எல்லில் தொடக்கமாகவும் முடிவாகவும் குறிக்கப்பட்டிருக்கும், இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் தொட்டுக் காட்டிய வரி. பைதான் நிரல்மொழியில் இருபது முப்பது வரியில் எழுதிவிடலாம். கோப்பு வடிவங்களை மாற்றும் பான்டாக் மென்பொருள் வைத்திருந்தால் ‘ட்ராக் சேஞ்சஸ்’ தெரிவை ‘ஆல்’ என்று கொடுத்தாலே குறிப்புகளை உரைக்குள் வைத்துத் தரும். சிஎஸ்வியாக எழுதி எக்ஸெலில் திறப்பவர்கள் யூடிஎஃப்-8 தொடக்கக் குறியோடு எழுதுங்கள், இல்லாவிட்டால் தமிழ் சிதைந்து தெரியும்.

ஆனால் வெண்ணாறு அக்கா, உங்களுக்கு நான் மேக்ரோவையே சொல்வேன். பக்க எண் அந்த எக்ஸ்எம்எல்லில் நம்பும்படி இருக்காது. பக்கம் என்பது வேர்டு கோப்பைத் திறந்து வரிகளை அடுக்கும்போது உருவாவது. அப்பாவுக்குப் பக்க எண் இல்லாமல் பட்டியல் பயன்படாது.

வெண்ணாறு:
இருவருக்கும் நன்றி. நேற்று இரவு ஓட்டினேன். மொத்தம் 268. அதில் 22 ஒருவர் குறிப்புக்கு இன்னொருவர் போட்ட பதில்கள். எண்ணிக்கையைக் கண்ணால் பார்த்ததும்தான் மனது நின்றது.

ஒரு சிக்கல். மாமாவின் 97 குறிப்புகளும் ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்திருக்கின்றன. கோப்பில் தமிழாகத்தான் தெரிகிறது. நிறைய விவரம் சொல்லியிருப்பவர் அவர்தான்.

அச்சுக்கோவை:
மாமா அலுவலகப் பழக்கத்தில் வானவில் அவ்வையார் எழுத்துருவில் தட்டியிருப்பார். அது யூனிகோடு இல்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய முறை. மேக்ரோ எழுத்தை மட்டும் எடுத்தது, எழுத்துரு கழன்றுவிட்டது. குறிப்பு எதுவும் அழியவில்லை, பயப்படாதீர்கள்.

யூனிகோடு மாற்றியில் போடலாம். ஆனால் நடுவில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய சொற்களும் சேர்ந்து மாறிவிடும், 97-ஐயும் மறுபடி படிக்க வேண்டும். உங்களுக்குத் தேவை தாள்தானே? அட்டவணையைப் பெயர்வாரியாக வரிசைப்படுத்துங்கள். மாமாவின் குறிப்புகள் உள்ள கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை வானவில் அவ்வையார் என்று மாற்றுங்கள். தமிழ் வந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதிய சொற்களை மட்டும் தேடி ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றினால் போதும். பிறகு பக்க எண்படி மறுபடி வரிசைப்படுத்துங்கள்.

22 பதில்களையும் அதனதன் மூலக் குறிப்புக்குக் கீழேயே வையுங்கள். ‘ஆன்செஸ்டர்’ என்ற பண்பு எது எதற்குப் பதில் என்று சொல்லும். தலைப்பு வரிசையைத் தேர்ந்தெடுத்து ‘ரிபீட் ஹெடர் ரோஸ்’ கொடுத்தால் எல்லாப் பக்கத்திலும் தலைப்பு வரும்.

வெண்ணாறு:
வந்துவிட்டது. தாளைக் கிடைமட்டமாக்கி 14 புள்ளி எழுத்தில் 52 பக்கம். சுருள் கம்பி போட்டுக் கொடுத்தேன். இன்று காலையில் இருந்து அப்பா பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறார். ஷட்டர் விஷயத்தில் மாமா சொன்னதுதான் சரி என்று எழுதிவிட்டார்.

தமிழாசிரியை ‘கடைமடை என்றால் இந்தத் தலைமுறைக்குத் தெரியாது, ஒரு வரி விளக்கம் கொடுங்கள்’ என்று கேட்டிருந்தார். அதற்கு அப்பாவின் பதில் கட்டத்தில் அடங்காமல் தாளின் பின்பக்கம் முழுவதும் போயிருக்கிறது. மேக்ரோவில் ஐந்தாவது நெடுவரிசையின் அகலத்தை எந்த இடத்தில் மாற்ற வேண்டும்? மீதித் தாள்களை மறுபடி எடுத்துக் கொடுக்கிறேன்.

அச்சுக்கோவை:
மேக்ரோவைத் தொட வேண்டாம். அட்டவணையில் பத்தி இருக்கும் நெடுவரிசையின் கோட்டை இடதுபக்கம் இழுத்துச் சுருக்குங்கள், பதிலுக்கு இடம் கிடைக்கும். அவர் எழுதி முடித்த தாள்களை அப்படியே பத்திரப்படுத்துங்கள்.