கட்டுமரம் என்ற பெயரும் டர்பனில் நாங்கள் கவிழ்ந்த நாளும்

பாய்மரப் படகில் முதன்முதலாக ஏறிய அனுபவத்தை உறுப்பினர்கள் எழுதிவருவதைப் படித்ததும், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எனக்கு நேர்ந்ததையும் பதிவுசெய்ய வேண்டும் என்று தோன்றியது.

வெட்சஸ் கடற்கரையில் நண்பரின் ஹோபி 16 என்னும் இரட்டை உடல் பாய்மரப் படகை அலைக்குள் தள்ளிக்கொண்டிருந்தபோது, "இது உங்கள் முன்னோர் கண்ட படகுதானே?" என்று அவர் கேட்டார். இத்தகைய படகைக் குறிக்கும் கட்டமரான் என்ற ஆங்கிலச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து பிறந்ததை அவர் அறிந்திருந்தார். எனக்குப் பெருமையாகவே இருந்தது. ஆயினும் முழுமையாக உடன்பட முடியவில்லை. சோழமண்டலக் கரையில் நம்மவர்கள் கட்டியது, மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவை. மேலேறும் அலை மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். இரண்டு உடல்களை இடைவெளிவிட்டு இணைப்பது பசிபிக் தீவினரின் மரபு. பெயர் நம்முடையது, வடிவம் அவர்களுடையது என்று சொல்வதே இருவருக்கும் நியாயம்.

அன்று வடகிழக்குக் காற்று வீசியது. ஹோபி 16 ஏறத்தாழ 5 மீட்டர் நீளமும் 145 கிலோ எடையும் கொண்டது. அடிப்பாரம் கிடையாது, அகலமே அதை நிமிர்த்தி வைக்கிறது. ஒவ்வோர் உடலின் வெளிப்புறமும் தட்டையாகவும் உட்புறம் வளைந்தும் இருப்பதால், பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் நடுப்பலகை தேவைப்படுவதில்லை. மணற்கரையிலிருந்தே எளிதில் இறக்க முடிவதும் அதனால்தான். காற்று வரும் பக்கத்து உடல் நீரைவிட்டு எழுந்தபோது, இடுப்புக் கச்சையைப் பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் மாட்டி விளிம்பில் நின்றிருந்த நான், அதுவரை அறியாத வேகத்தை உள்ளங்காலில் உணர்ந்தேன். நண்பர் படகைக் காற்றின் போக்கில் திருப்பினார். நான் பின்பக்கம் நகர்ந்திருக்க வேண்டும், நகரவில்லை. மறுபக்கத்து உடலின் அணியம் (முன்முனை) நீருக்குள் குத்தியது. இருவரும் முன்னால் வீசப்பட்டோம். முகப்பைக் காற்றை நோக்கித் திருப்பி, நீரில் கிடந்த உடலின்மேல் நின்று கயிற்றை இழுத்து நிமிர்த்துவதற்குள் கைகள் சோர்ந்துவிட்டன.

அதன்பிறகே இப்படகின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1876இல் நியூயார்க் போட்டியில் படகு வடிவமைப்பாளர் நத்தானியல் ஹெர்ரஷாஃப் தம் 'அமரில்லிஸ்' என்னும் இரட்டை உடல் படகால் மற்றவற்றை எளிதில் வென்றார். எதிர்ப்பு எழவே அப்படகைத் தகுதிநீக்கம் செய்தார்கள். விரைவாகச் செல்வதே குற்றமாகிவிட்டது என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் வருந்துகிறது. சரியாக நூறாண்டுகளுக்குப் பின், 1976இல், டொர்னாடோ என்னும் இரட்டை உடல் படகு ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. 2008க்குப் பின் அதுவும் நீக்கப்பட்டது. 2016இல் நாக்ரா 17 என்னும் இரட்டை உடல் படகு ஒலிம்பிக்குக்கு வந்தபோது, ஒவ்வொரு படகிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருக்க வேண்டும் என்ற விதியும் உடன் வந்தது. டோக்கியோவில் அதே படகு நீரடி இறக்கைகளால் கடலுக்கு மேலே எழுந்தோடியது என்றாலும், அந்த விதியையே நான் பெரிய சீர்திருத்தமாகக் கருதுகிறேன்.

மறுமொழி, கேப்டவுனிலிருந்து:

தாங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் துறைமுகம் நினைவுக்கு வந்தது. இங்கே கட்டப்படும் லெபர்ட் வகைக் கட்டமரான்களில் பல, கப்பலில் ஏற்றப்படாமல், தாமே பாய்விரித்து அட்லாண்டிக்கைக் கடந்து உரியவர்களைச் சென்றடைகின்றன. அப்படிப் புறப்பட்ட ஒன்றைக் கரையில் நின்று பார்த்த என் மகள், அதன் பெயரைக் கேட்டாள். நான் "கட்டுமரம்" என்றே சொன்னேன். தாங்கள் விளக்கிய வேறுபாட்டை இன்றிரவு அவளுக்கும் சொல்வேன்.