டிஸ்க் தேய்மானம், பிசியோதெரபி: மனதை விட்டுப் போகாத அந்த ஒரு நாள்

செல்வி_திருப்பூர்:

டிஸ்க் தேய்மானத்துக்கு பிசியோதெரபி போனவர்களுக்கு மறக்க முடியாத நாள் எது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் எல்4-எல்5 தேய்மானம்தான், அதாவது கீழ் முதுகில் நாலாவது எலும்புக்கும் அஞ்சாவது எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின், 11 வருஷம். வலது கால் கெண்டைச் சதை வரை சுண்டி இழுக்கும். அந்த வலி இங்கே எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கள். பிசியோதெரபி போன மூன்றாம் நாள் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

பிசியோ பெண்ணுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். குப்புறப் படுக்க வைத்தார். இடுப்பு மெத்தையிலேயே கிடக்க, உள்ளங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்க வேண்டும், 10 தடவை. ஏழாவது தடவையில் கெண்டைக்கால் வலியைக் காணோம். ஆனால் நடுக்குறுக்கில் கத்தி சொருகின மாதிரி இருந்தது. "அக்கா, இப்ப வலி எங்க இருக்கு?" என்று கேட்டார். "குறுக்குல. உயிர் போகுது" என்றேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "நல்லதுக்கா, மேல ஏறி வருது!"

நான் துடிக்கிறேன், இந்தப் பெண் சிரிக்கிறாளே என்று எனக்கு ஆத்திரம். "உனக்கு வந்தாத்தான் தெரியும்" என்று கத்திவிட்டு, செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் படியிறங்கினேன். அப்புறம் போகவே இல்லை.

ஒன்றரை வருஷம் கழித்து வேறு இடத்தில் அதே பயிற்சி, அதே கேள்வி. அங்கே இருந்தவர் பொறுமையாக விளக்கினார். காலில் இருக்கிற வலி முதுகை நோக்கிச் சுருங்கி வந்தால் அது நல்ல அறிகுறி, முதுகில் கொஞ்ச நேரம் கூடுதலாக வலித்தாலும் பயப்பட வேண்டாம் என்றார். நியூசிலாந்தில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட் 1956-ல் இதைத் தற்செயலாகக் கவனித்தாராம். தலைப்பக்கம் தூக்கி வைத்திருந்த கட்டிலில் ஒரு நோயாளி தெரியாமல் குப்புறப் படுத்துக் கிடக்க, அவருக்குக் கால் வலி விட்டிருந்ததாம்.

அந்தப் பெண் எனக்காகத்தான் சந்தோஷப்பட்டிருக்கிறார். அந்த முகம்தான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

நாமக்கல்_லாரி:

தங்கச்சி, உங்களிடம் "எங்க வலிக்குது" என்று கேட்கவாவது ஆள் இருந்தது.

எனக்கு 22 வருஷ ஸ்டியரிங். எம்ஆர்ஐயில் எல்5-எஸ்1, அதாவது இடுப்புக்கிட்ட இருக்கிற கடைசி டிஸ்க், கறுத்துப் போயிருக்கிறது. 10 நாள் ட்ராக்‌ஷன் என்றார்கள். நெஞ்சுக்கு ஒரு பெல்ட், இடுப்புக்கு ஒரு பெல்ட், மெஷின் இழுக்கும். ஆறாம் நாள் மெஷின் நின்றது, பையன் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு போன் பேச வெளியே போய்விட்டான். எழப் பார்த்தால் இடுப்பு பூட்டிக்கொண்டது. ஒருக்களிக்கக்கூட முடியவில்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டே 20 நிமிஷம் கிடந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நடமாடுகிற சத்தம் கேட்கிறது, கூப்பிடக் கூச்சம். 100 டன் வண்டி என்றாலும் ஓட்டுகிறவன், ஒரு கட்டிலை விட்டு இறங்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

என்ன தொழில் என்று அந்த 6 நாளில் ஒருவரும் கேட்கவில்லை. குனிய வைத்துப் பார்க்கவில்லை, காலைத் தூக்கிப் பார்க்கவில்லை. பில்லில் மட்டும் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி வரி. இப்போது இடுப்பு பெல்ட் போட்டுத்தான் ஓட்டுகிறேன்.

கீபோர்டு_ராஜா:

அண்ணா, முதலில் அந்த பெல்ட்டைக் கழற்றுங்கள்.

என் கதை சின்னது. ரிப்போர்ட்டில் "டிஸ்க் டீஜெனரேஷன்" என்று பார்த்த நாளிலிருந்து 4 மாசம் என் ஒரு வயது மகளைத் தூக்கவில்லை. அவள் கையை நீட்டுவாள், நான் உட்கார்ந்து மடியில் மட்டும் வாங்கிக்கொள்வேன். பிசியோ முதல் நாளே 5 லிட்டர் தண்ணீர் கேனைத் தரையில் வைத்து, "தூக்குங்க, நான் பக்கத்திலேயே நிக்கிறேன்" என்றார். தூக்கினேன். ஒன்றும் ஆகவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தேய்மானம் என்ற வார்த்தைக்கே நாம் பாதி பயந்து விடுகிறோம். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. அதன் கணக்குப்படி 20 வயதில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிகிறது, 40-ல் 68 சதவீதம், 80-ல் 96 சதவீதம். நரை மாதிரிதான் இதுவும். அதனால் எம்ஆர்ஐ கறுப்பைப் பார்த்து வைத்தியம் செய்யக் கூடாது, ஆளைப் பார்த்துச் செய்ய வேண்டும். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் உடற்பயிற்சி வேண்டும் என்றும், ட்ராக்‌ஷனும் இடுப்பு பெல்ட்டும் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்றும் இருக்கிறது. அப்புறம், ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அதனால் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து டயரைப் பார்ப்பது, பாரம் தூக்குவது வேண்டாம். வண்டியை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓரம் கட்டி நடந்துவிடுங்கள். இன்னொன்று, இதை எல்லாரும் மனதில் வையுங்கள்: சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மலம் போவது தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ பிசியோவுக்கு நேரம் வாங்கிக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

நாமக்கல்_லாரி:

தம்பி, நான் வைத்தியம் கேட்கவில்லை. 6 நாளில் ஒரு ஆள் ஒரு கேள்வி கேட்கவில்லை என்பதைத்தான் சொன்னேன். டயரைக் குனிந்து பார்க்காமல் காலையில் எப்படி வண்டி எடுப்பது?

மானாமதுரை_மகள்:

ராஜா சொல்வது சரிதான். ஆனால் அண்ணன் கேட்பதும் நியாயம், அவர் பொழப்பு அது.

எங்கள் அம்மாவுக்கு 61 வயது. வீடு தேடி வந்து வைத்தியம் பார்க்கிற தமிழ்நாடு அரசுத் திட்டம், மக்களைத் தேடி மருத்துவம், தொடங்கிய அடுத்த வருஷம், 2022-ல், ஒரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்தார். ரிப்போர்ட்டை நீட்டினேன், ஓரமாக வைத்துவிட்டார். வாசலில் இருந்த குடத்தைத் தூக்கிப் பார்த்தார். "அம்மா, ஒரு நாளைக்கு எத்தனை நடை?" "14 இருக்கும்யா." "எப்பவும் இடது இடுப்பா?" "கல்யாணமான நாள்லேர்ந்து அப்படித்தான்."

நான் பக்கத்தில் நிற்கிறேன். 14 நடை என்று எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

அப்புறம் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த மூங்கில் கம்பை எடுத்து அம்மா முதுகோடு சேர்த்துப் பிடித்தார். பின்தலை, தோள்பட்டை நடு, வால் எலும்பு, மூன்று இடமும் கம்பில் ஒட்டியிருக்க வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி, புட்டத்தைப் பின்னால் தள்ளி, கம்பு விலகாமல் குனியணும். குடத்தில் பாதித் தண்ணீர், இடுப்பை மாற்றி மாற்றி. நாலாவது தடவை அம்மா வெறும் குடத்தை வலது இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "இந்தப் பக்கம் வச்சா யாரு மாதிரியோ இருக்கு" என்றார்.

அண்ணா, டயர் பார்க்கவும் அதே கம்பு உதவும் என்று தோன்றுகிறது.

நாமக்கல்_லாரி:

இப்போதுதான் வண்டி நிறுத்தத்தில் கிளீனர் தம்பியைக் கம்பு பிடிக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தேன்மா. தலை ஒட்டுகிறது, தோள் ஒட்டுகிறது. டயர் உயரத்துக்குப் போகும்போது வால் எலும்பு விலகிவிடுகிறது. அம்மாவுக்கு எத்தனை நாளில் படிந்தது?