ஜூனோ-106 சிந்தசைசர் கீபோர்டைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் வேலூர் பக்கம் இருக்கிறாரா?

வணக்கம் நண்பர்களே. காட்பாடியில் வீட்டிலேயே ஒரு ஆம்பியன்ட் (சூழலோடு மெல்லக் கலந்து ஒலிக்கும் இசை) ஆல்பம் செய்துகொண்டிருக்கிறேன். பல்லவி, சரணம் கிடையாது. 1971இல் ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் தொடங்கிய நொய் குழுவின் க்ரவுட்ராக் (ஜெர்மன் ராக் இசை வகை) வழியில் ஒரே தாளம் நிற்காமல் ஓடும், மேலே பழைய கீபோர்டு ஒலிகள் மெல்ல மாறும்.

ஆற்காட்டில் ஒரு மெல்லிசைக் குழுவிடம் வாங்கிய ரோலண்ட் ஜூனோ-106தான் இதற்கு உயிர். இப்போது ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் ஆறில் ஒரு தடவை கரகரக்கிறது. உள்ளே ஆறு குரலுக்கு (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஆறு ஸ்வரங்களுக்கு) ஆறு 80017ஏ சிப். அழுத்த அழுத்தக் குரல்கள் முறைவைத்து ஒலிப்பதால், அதில் ஒன்று கெட்டிருக்கிறது போல. மேல்பூச்சு நாளடைவில் கெட்டு சிப் பழுதாவது இந்த மாடலுக்கே உள்ள வியாதி. அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சை உரித்தால் சில சமயம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் போர்டு கெடாமல் சிப்பைக் கழற்ற, சால்டரிங்கில் பழகிய கை வேண்டும்.

சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை பக்கம் அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள். கூடவே உட்கார்ந்து பார்க்க ஆசை, அதனால் வெளியூருக்கு அனுப்ப மனசு வரவில்லை. மாற்று சிப் கிடைக்கும் இடம் தெரிந்தாலும் பெரிய உதவி.