கேதார்நாத் போகும் வழியில் பள்ளத்தாக்கு திடீரென்று அகலமாவது ஏன்?

ஈரோட்டுக்காரன் கேட்டது:

போன மே மாதம் அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு கேதார்நாத் போய் வந்தேன். அவர்கள் இருவரும் குதிரையில், நான் கௌரிகுண்டிலிருந்து நடை. வழியில் பார்த்த ஒரு விஷயம் மனதைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. ராம்பாடா வரைக்கும் இரண்டு பக்கமும் மலை நெருக்கிக்கொண்டு நிற்கிறது, மந்தாகினி எங்கேயோ கிடுகிடு பள்ளத்தில் ஓடுகிறது. அதைத் தாண்டி ஏற ஏற பள்ளத்தாக்கு விரிந்துகொண்டே போகிறது, கோயில் இருக்கும் இடத்தில் கிட்டத்தட்ட மைதானம் மாதிரி. ஆறு மேலே சின்னதாகத்தானே இருக்கும், அது எப்படி இவ்வளவு அகலமாக வெட்டியிருக்க முடியும்?

இன்னொன்று. ஊருக்கு முன்னால் ஒரு இடத்தில் கரை இடிந்து உள்மண் தெரிந்தது. யானை அளவு பாறையும் கைப்பிடிக் கல்லும் மாவு மாதிரி மண்ணும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. குதிரைக்காரர் “எல்லாம் மல்பா (இடிந்து குவிந்த கல்லும் மண்ணும்), ஊரே இதன் மேல்தான் இருக்கிறது” என்றார். இது 2013 வெள்ளம் கொண்டுவந்ததா, அதற்கும் முந்தையதா? பூமி சூடாவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லும்மண்ணும் சொன்னது:

நல்லா கவனித்திருக்கிறீர்கள் தம்பி. நான் புவியியல் படித்த காலத்தில் அந்தப் பக்கம் களப்பணிக்குப் போயிருக்கிறேன், நீங்கள் சொல்லும் அந்த இடம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மேல் பகுதியை வெட்டியது ஆறே இல்லை, பனியாறு. ஆறு தன் அடியை மட்டும்தான் அறுக்கும், ரம்பம் மாதிரி. பக்கச் சரிவு அப்புறம் மழையில் கரைந்து சரிந்து வரும், அதனால் வி வடிவம். பனியாறு அப்படி இல்லை, இந்த மலைக்கும் அந்த மலைக்கும் நடுவே முழுவதும் அடைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான அடி கனத்தில் நகரும். அதனால் அடியையும் பக்கத்தையும் சேர்த்தே தேய்க்கும், யு வடிவம் வரும். பனிக்கட்டி தனியாகப் பாறையைத் தேய்த்துவிடாது. அதன் அடியில் உறைந்துபோய் மாட்டிக்கொண்ட கற்கள்தான் உப்புத்தாள், பனி அதை அழுத்திப் பிடிக்கும் கை. பாறை வெடிப்புக்குள் உருகிய நீர் இறங்கி மறுபடி உறைந்து, பனி நகரும்போது பாளம் பாளமாகப் பிடுங்கிக்கொண்டும் போகும்.

சோராபாரிப் பனியாறு இப்போது கோயிலுக்கு மேலே ஒதுங்கியிருக்கிறது, நீளம் 7 கிலோமீட்டர்தான். ஆனால் சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் அது ராம்பாடா வரை, 2,800 மீட்டர் உயரம் வரை இறங்கி வந்திருக்கிறது. டேராடூனில் உள்ள வாடியா இமயமலைப் புவியியல் நிறுவனத்தார் பனியாறு விட்டுப்போன மண்ணுக்கு வயது கணித்துச் சொன்ன கணக்கு இது. நீங்கள் பள்ளத்தாக்கு மாறுவதைப் பார்த்த இடமும் ராம்பாடாதானே!

அப்புறம் அந்த மல்பா. ஆறு கொண்டுவந்த கல் உருண்டு வழவழப்பாக இருக்கும், தண்ணீர் வேகத்துக்கு ஏற்றபடி பெரியது ஒரு பக்கம் சின்னது ஒரு பக்கம் என்று பிரிந்தும் இருக்கும். பனியாறு எதையும் பிரிக்காது. எல்லாவற்றையும் சுமந்து வந்து உருகிய இடத்தில் அப்படியே கொட்டிவிடும், கல்லின் முனைகள் மழுங்காமல் இருக்கும், சிலவற்றில் கீறல்கூடத் தெரியும். இதைத்தான் மொரைன் என்கிறோம். குதிரைக்காரர் சொன்னது சரிதான், ஊர் நிற்பது பனியாறும் அதன் உருகுநீரும் கொட்டிவிட்டுப் போன மண்ணின் மேல். 2013 வெள்ளம் அதையே கிளறி மேலே இன்னொரு அடுக்கு போட்டது.

ஈரோட்டுக்காரன்:

ரொம்ப நன்றி ஐயா. அப்படியென்றால் 2013-ல் உடைந்த ஏரியும் இந்த மொரைனால் வந்ததா?

கல்லும்மண்ணும்:

ஆமாம். பனியாறு மெலிந்து கீழே இறங்கினாலும் அதன் இரண்டு ஓரத்திலும் குவித்த மண்கரை மட்டும் உயரமாக நின்றுவிடும். அந்தக் கரைக்கும் மலைக்கும் நடுவே மழையும் உருகிய பனியும் தேங்கி உண்டானதுதான் சோராபாரி தால், காந்தி சரோவர் என்றும் சொல்வார்கள். அதற்கு வெளியே போக வாய்க்கால் கிடையாது, அடியில் கசிந்துதான் போகும். 2013 ஜூன் 15 மாலையிலிருந்து 16 மாலை வரை 24 மணி நேரத்தில் பனியாற்று முகாமின் மழைமானியில் 325 மில்லிமீட்டர் பதிவானது. அந்த மழையோடு மேலே கிடந்த பனியும் சேர்ந்து உருகியது. 17-ஆம் தேதி காலை ஏழு மணிக்குள் கரை உடைந்து, சில நிமிடங்களில் ஏரி காலி. சிமென்டும் இல்லை, கல்கட்டும் இல்லை, வெறும் குவிந்த மண் அது. ராம்பாடா என்ற ஊரோ அதற்கு முந்தின நாள், 16-ஆம் தேதி மாலை வெள்ளத்திலேயே போய்விட்டது. உத்தராகண்ட் மாநிலம் முழுக்க 5,000 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது திரும்பவே இல்லை. எனக்கு அந்த ராம்பாடாவில் டீ குடித்த ஞாபகம் இருக்கிறது, அதைப் பற்றி எழுதும்போது கை நிற்கிறது.

மலைச்சரிவு சொன்னது:

ஏரி உடைவதுதான் ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சேர்க்கிறேன். 2021 பிப்ரவரி 7 அதே உத்தராகண்டின் சமோலியில் வந்த வெள்ளத்தையும் முதலில் எல்லோரும் பனி ஏரி உடைந்தது என்றுதான் சொன்னார்கள். அங்கே ஏரியே இல்லை. ரோண்டி சிகரத்தின் வடக்கு முகத்திலிருந்து பாறையும் பனியுமாகச் சுமார் 2.7 கோடி கன மீட்டர் பெயர்ந்து 1,800 மீட்டர் கீழே விழுந்தது. விழுந்த வேகத்தில் உரசிய சூட்டிலேயே பனி கிட்டத்தட்ட முழுவதும் உருகி, பாறை நொறுங்கிச் சேறாகி, ரிஷிகங்கையிலும் தௌலிகங்கையிலும் இறங்கியது. மழை ஒரு சொட்டு இல்லாத குளிர்கால ஞாயிறு காலை. 200 பேருக்கு மேல் போனார்கள், பெரும்பாலும் நீர்மின் திட்டத் தொழிலாளிகள்.

சூடாவதோடு சம்பந்தம் இங்கேதான் வருகிறது. அவ்வளவு உயரத்தில் பாறை வெடிப்புகளை ஒட்டிப் பிடித்திருப்பது உள்ளே வருடம் முழுக்க உறைந்திருக்கும் பனி. அது இளகினால் பசை போய்விடும். பனியாறு மெலிந்தால் அது முட்டுக்கொடுத்த பக்கச் சுவரும் தனியாக நிற்க வேண்டியிருக்கும். 2023 அக்டோபர் 3 இரவு சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரியில் உறைந்திருந்த மொரைன் கரை 1.47 கோடி கன மீட்டர் அளவுக்குச் சரிந்து ஏரிக்குள் விழ, எழும்பிய அலை கரையை உடைத்து, கீழே சுங்தாங்கில் தீஸ்தா அணையையே கொண்டுபோனது.

நீலமலை:

எல்லாவற்றையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிட வேண்டாம் என்பது என் கருத்து. இமயமலை இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும் மலை, நிலநடுக்கம் வரும் மலை, அதன் பாறைகள் சூடு ஏறாத காலத்திலும் விழுந்துகொண்டுதான் இருந்தன. சாலைக்காக மலையடியைச் செங்குத்தாக வெட்டுகிறோம், ஆற்றுப்படுகையில் விடுதி கட்டுகிறோம். எங்கள் நீலகிரியில் பனியாறு இருந்ததே இல்லை, ஆனாலும் மழைக்காலத்தில் சரிகிறது, அங்கே காரணம் ஊறிப்போன ஆழமான மண்ணும் வெட்டிய சரிவும்.

மலைச்சரிவு:

ஒத்துக்கொள்கிறேன். சமோலியில் அந்த ஒரு பாறை சூட்டால்தான் விழுந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் காரணத்தைப் பற்றி வாதாடிக்கொண்டே கண்காணிக்காமல் இருந்துவிடக் கூடாது. சுவிட்சர்லாந்தில் பிளாட்டன் என்ற ஊருக்கு மேலே மலை அசைவதைக் கவனித்து 2025 மே 19 அன்று சுமார் 300 பேரையும் வெளியேற்றினார்கள். 28-ஆம் தேதி பாறையும் பிர்ச் பனியாறும் சேர்ந்து வந்து ஊரின் பெரும்பகுதியை மூடியது. இறந்தவர் ஒருவர். ராம்பாடாவில் இருந்தவர்களுக்கு ஒன்பது மணி நேரம் கொடுத்திருந்தால்கூடப் போதும்.

ஈரோட்டுக்காரன்:

இப்போதுதான் அந்தக் கரைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே இருக்கும் கற்கள் எல்லாம் முனை முனையாகத்தான் இருக்கின்றன. மேலே ஒரு முழம் கனத்தில் மட்டும் மண் நிறம் வெளுப்பு, அதில் ஒரு தகரத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது.

கல்லும்மண்ணும்:

அந்த மேல் அடுக்குதான் தம்பி 2013.