வெள்ளியாகத் தெரியும் 1997 சென்ட், கொப்புளம் விட்ட 1986: முலாம் பிழையா, பிறகு வந்த சேதமா?

சில்லறை_டப்பா:

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் இருக்கிறேன். வங்கியில் ஒரு சென்ட் ரோல்களை வாங்கி வந்து காசு காசாகப் புரட்டிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. நான்கு காசுகளை ஒதுக்கி வைத்துப் படமும் போட்டிருக்கிறேன், எது பிழைக்காசு (நாணயச்சாலையிலேயே தவறாக வந்தது) எது வெறும் சேதம் என்று பிரிக்கத் தெரியவில்லை.

ஒன்று 1986 டி (டென்வர் நாணயச்சாலையின் குறி), லிங்கன் கன்னத்திலும் முகத்துக்கு முன்னால் உள்ள காலியிடத்திலும் கடுகு அளவுக்கும் சிறிய புடைப்புகள். அடுத்தது 1997, இருபக்கமும் வெள்ளி நிறம், நன்றாகப் பளபளக்கிறது. மூன்றாவது 1995, ‘லிபர்ட்டி’ எழுத்துகளை ஒட்டி வெள்ளைக் கோடு, எழுத்து இரண்டாகத் தெரிகிறது. 1995-இல் பிரபலமான இரட்டை அச்சு (அச்சிலேயே உருவம் இரண்டாகப் பதிந்த பிழை) உண்டு என்று படித்தேன், அதுதானா? கடைசியாக 1989, பின்பக்க லிங்கன் நினைவு மண்டபத்தின் மேல் காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் வட்டமாக ஒரு கோடு. இதையெல்லாம் இணையத்தில் பெரிய விலைக்குப் போட்டிருக்கிறார்கள், அதனால்தான் குழப்பம்.

அச்சுப்பிழை_ஆர்வலர்:

முதலில் உலோகக் கணக்கைப் பார்த்துவிடுங்கள், அப்புறம் மற்றது தானாகப் புரியும். 1982 நடுவில்தான் மாற்றம் வந்தது. அதற்கு முந்தைய சென்டில் 95 சதவீதம் செம்பு, எடை 3.11 கிராம். பிந்தையது துத்தநாக வில்லைமேல் (அச்சு விழாத வெற்றுக் காசின்மேல்) செம்பு முலாம், எடை 2.5 கிராம், மொத்தத்தில் செம்பு வெறும் 2.5 சதவீதம். முலாமின் கனம் சுமார் 8 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு மெல்லிய தோலுக்குள் துத்தநாகம் மாதிரி சீக்கிரம் அரிக்கிற உலோகத்தை வைத்திருக்கிறார்கள். வில்லைக்கு முலாம் பூசிய பிறகுதான் அச்சு அடித்தார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். ஆகவே காசில் எதைப் பார்த்தாலும் கேட்க வேண்டியது, இது அச்சு விழுவதற்கு முன்பே இருந்ததா, விழும்போது வந்ததா, வெளியே போன பிறகு வந்ததா என்பதுதான்.

உங்கள் 1986-இல் இருப்பது முலாம் கொப்புளம். வில்லையைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் முலாம் பூசினால் செம்பு அங்கங்கே ஒட்டாமல் நிற்கும், அடியில் சிக்கிய வாயு அச்சின் சூட்டில் விரிந்து அப்பளம் மாதிரி மேலே எழும்பும். படத்தில் புடைப்பின் மேலும் சுற்றிலும் செம்பின் மினுமினுப்பு ஒரே சீராக இருக்கிறது, உடைப்பு இல்லை, எனவே நாணயச்சாலையிலிருந்தே வந்ததுதான். அச்சில் குழி விழுந்து வந்த புடைப்பா என்று சந்தேகம் வந்தால் பல்குத்தும் மரக்குச்சியால் ஒன்றை மட்டும் மெதுவாக அழுத்துங்கள், கொப்புளம் என்றால் அமுங்கும். அமுங்கிய இடம் திரும்ப எழும்பாது, அதனால் மதிப்புள்ளதாக நினைக்கும் காசில் இதைச் செய்ய வேண்டாம். ஒன்று சொல்லியாக வேண்டும்: 1980-களின் சென்டுகளில் கொப்புளம் மிகச் சாதாரணம். இதற்குத் தனி விலை கேட்பவரிடம் வாங்காதீர்கள்.

1995 பற்றி. கோட்டின் நிறத்தைப் பாருங்கள். அச்சு இறங்கும்போது எழுத்தின் ஓரத்தில் முலாம் இழுபட்டுக் கிழிகிறது, உள்ளே இருக்கும் துத்தநாகம் வெள்ளையாகவோ நாள்பட்டு சாம்பல் நிறமாகவோ தெரிகிறது. அது எழுத்தின் நிழல்போல் நிற்பதால் கண் அதை இரண்டாவது எழுத்து என்று எடுத்துக்கொள்கிறது. நிஜமான 1995 இரட்டை அச்சில் இரண்டாவது உருவமும் செம்பு நிறத்திலேயே இருக்கும், மேடாகவும் இருக்கும். ‘லிபர்ட்டி’யிலும் ‘இன் காட்’டிலும் லென்ஸ் இல்லாமலே தெரியும், பத்து மடங்கு லென்ஸில் எழுத்து முனைகள் பிளந்து இரண்டாக நிற்பதைப் பார்க்கலாம். உங்களுடையதில் மேடும் இல்லை பிளவும் இல்லை.

ரோல்_தேடி:

அந்த 1989 வட்டம் காசைச் சுருட்டும் இயந்திரத்தின் வேலை. ரோலின் காகித முனையை மடிக்கும் பகுதி கடைசிக் காசின்மேல் சுழலும்போது முலாம் தேய்ந்து துத்தநாகம் தெரியும். ரோலின் இரு முனைகளில் இருக்கும் காசுகளில்தான் பெரும்பாலும் பார்ப்பீர்கள். செலவழித்துவிடலாம்.

1997 பற்றி நான் சொல்கிறேன். முலாமே பூசாமல் தப்பி வந்த சென்ட் உண்டு, அதற்கு மதிப்பும் உண்டு, ஆனால் “நன்றாகப் பளபளக்கிறது” என்றதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. துத்தநாகம் நீலம் கலந்த சாம்பல் நிறம், குரோம் மாதிரி மின்னாது. பள்ளி வேதியியல் வகுப்பில் சென்டைத் துத்தநாகப் பொடியோடு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி வெள்ளியாக்குவார்கள், அதையே நெருப்பில் காட்டினால் பித்தளையாகிப் பொன்னிறம் வரும். இரண்டும் புழக்கத்தில் நிறைய கிடைக்கும். பாதரசம் தடவியும் வெள்ளியாக்குவார்கள், அதனால் விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டாம், கையைக் கழுவிக்கொள்ளுங்கள். இப்போதைக்கு விளிம்பை லென்ஸில் பார்த்துச் சொல்லுங்கள்.

சில்லறை_டப்பா:

எடை 2.51 கிராம், காந்தத்தில் ஒட்டவில்லை. விளிம்பை லென்ஸில் பார்த்தேன், அங்கே ஒரு பழைய சிராய்ப்பு, அதன் அடியில் சிவப்பாகத் தெரிகிறது. இன்னொரு 1996 சென்டில் புடைப்பின் உச்சியில் கருப்புப் புள்ளியும் வெள்ளைத் தூளும் இருக்கிறது, அதுவும் கொப்புளம்தானா?

ரோல்_தேடி:

சிவப்பு என்றால் வெள்ளைக்கு அடியில் செம்பு இருக்கிறது, பிறகு யாரோ மேலே பூசியது. முடிந்தது. இந்தக் கேள்விக்கு எடை உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முலாமின் மொத்த எடையே ஏறக்குறைய 0.04 கிராம்தான், காசுக்குக் காசு இருக்கும் இயல்பான ஏற்றத்தாழ்வில் அது மறைந்துவிடும். “எடை குறைவு, ஆகவே முலாம் இல்லை” என்று விற்பவர்களை நம்பாதீர்கள். அமிலத்தில் முலாமைக் கரைத்த காசும் அதே எடைக்கு வரும், அதில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். உண்மையில் முலாம் இல்லாத காசில் அச்சின் கூர்மையும் புதுக்காசின் மினுக்கமும் துத்தநாகத்தின் மேலேயே இருக்கும்.

அச்சுப்பிழை_ஆர்வலர்:

1996 அரிப்பு. முலாமில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், ஈரம் உள்ளே போய்த் துத்தநாகம் பொரிந்து செம்பை மேலே தள்ளும். புடைப்பின் உச்சி உடைந்து கருத்திருந்தால், தூள் இருந்தால், பள்ளம் இருந்தால் அது அரிப்புதான். தேய்த்துக் கழுவினால் மீதி முலாமும் போய்விடும், விட்டுவிடுங்கள். அதை மற்ற காசுகளோடு ஈரமுள்ள இடத்தில் வைக்காதீர்கள், நல்ல காசுகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு உலர்ந்த டப்பாவில் வையுங்கள்.

உங்களிடம் தராசு இருப்பதால் ஒரு யோசனை. 1983 என்று போட்ட சென்ட் எது கிடைத்தாலும் எடை போடுங்கள். 3.1 கிராம் காட்டினால் அது மிச்சமிருந்த செம்பு வில்லையில் விழுந்த அச்சு, அரிதான பிழை. 1992 கிடைத்தால் பின்பக்கம் ‘அமெரிக்கா’வின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளை (A, M) பாருங்கள், அந்த ஆண்டு காசில் அவை விலகித்தான் இருக்க வேண்டும். அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் தனியே எடுத்து வைத்துவிட்டு இங்கே படம் போடுங்கள்.

சில்லறை_டப்பா:

மிக்க நன்றி இருவருக்கும். 1986-ஐ மட்டும் வைத்துக்கொள்கிறேன். இன்னும் பிரிக்காத ரோல்கள் இருக்கின்றன, 1983-களை இன்று இரவே தராசில் வைக்கிறேன்.