அமெரிக்காவுல முனிசிபல் கோர்ட் (டிராஃபிக் மாதிரி சின்னச் சின்ன கேஸ் பார்க்குற ஊர்க் கோர்ட்) வாசலை மிதிச்சவங்க அனுபவம் சொல்லுங்க

மருமகப்பிள்ளை, நியூ ஜெர்ஸி

கொரோனாவுக்கு முந்தி நடந்தது, இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. கும்பகோணத்துலேர்ந்து வந்திருந்த மாமா, அமாவாசைன்னு காக்காய்க்குச் சாதம் வைக்க பக்கத்து பார்க்குக்குப் போயிட்டார். காக்காய் வரல. ஏரிக்கரையில மேய்ஞ்சிட்டிருந்த வாத்துக்கூட்டம் மொத்தமா வந்துடுச்சு. பார்க்ல பறவைக்குத் தீனி போடக் கூடாதுன்னு இங்க டவுனுக்கு டவுன் ஆர்டினன்ஸ் (ஊர்ச் சட்டம்) இருக்கே, எச்சமெல்லாம் மழைத் தண்ணியோட ஏரியில கலக்குதுன்னு. சம்மன் கைக்கு வந்தாச்சு.

கோர்ட்டுன்னா நம்ம கவுன்சில் மீட்டிங் நடக்குற அதே ஹால்தான், சாயங்காலம். "என்ன மாப்ளே, பஞ்சாயத்து ஆபீஸ்ல கோர்ட்டா?"ன்னார் மாமா. தமிழ் இன்டர்பிரட்டர் போன்ல, ஸ்பீக்கர் போட்டாங்க. யாழ்ப்பாணத்துத் தமிழ்ல ஒரு அம்மா. கில்டின்னு மட்டும் சொன்னா போதாது, என்ன பண்ணீங்கன்னும் வாயால சொல்லணும். ஜட்ஜ் கேட்டார், "வாத்துக்குச் சாப்பாடு போட்டீங்களா?"

"இல்லீங்க, எங்கப்பாவுக்கு வச்சேன்."

இன்டர்பிரட்டர் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அந்த அம்மா கொஞ்சம் தயங்கிட்டு அப்படியே இங்கிலீஷ்ல சொல்லிட்டாங்க. ஜட்ஜ் பேப்பர்லேர்ந்து நிமிர்ந்தார். "உங்கப்பா அப்போ பார்க்ல இருந்தாரா?"

மாமா யோசிச்சார். "வந்திருப்பார்."

ஹால்ல ஒருத்தர்கூடச் சிரிக்கல. கடைசியில, "சரி, சாதத்தைத் தின்னது யாரு?"ன்னு கேட்டு, "வாத்துதான்"னு மாமா சொன்னதும் அதை வச்சே முடிச்சுட்டார். சின்ன அபராதம், அது போக கோர்ட் செலவு (33 டாலர் வரைக்கும் போடலாம்). அங்க பேசுறது எல்லாமே ஆடியோவுல பதிவாகும், அப்பீல் போனா மேல்கோர்ட் அதைத்தான் பார்க்கும். "வந்திருப்பார்" அதுலயும் இருக்கும்ல.

டோல்கேட் தாமு

மாமா பாவம். ஆனா அதைக் கோர்ட்டுன்னு சொல்லாதீங்க, டோல்கேட். எனக்கு கேர்லெஸ் டிரைவிங், லைசென்ஸ்ல 2 பாயிண்ட் (குற்றப்புள்ளி) ஏறும். ஜட்ஜ் வர்றதுக்கு முன்னாடியே பக்கத்து ரூம்ல பிராசிக்யூட்டரை (நம்ம மேல கேஸ் நடத்துற ஊர்த் தரப்பு வக்கீல்) பார்க்க க்யூ. என் முறை வந்ததும் அந்த ஆள் தலையைக் கூடத் தூக்கல. "அன்சேஃப் டிரைவிங், பாயிண்ட் இல்ல, சரியா?" அவ்வளவுதான் எங்க பேச்சுவார்த்தை. பாயிண்ட் போச்சு, 250 டாலர் சர்சார்ஜ் வந்துச்சு. எனக்கு முன்னாடி நின்னவருக்கும் அதே விலை, பின்னாடி நின்னவருக்கும் அதே விலை. அப்புறம் ஜட்ஜ் வந்து, "யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா?"ன்னு கேட்டார், பாருங்க!

ஜட்ஜை நியமிக்கிறது யாரு? மேயர். கவுன்சில் தலையாட்டணும். 3 வருஷப் பதவி, பெரும்பாலும் பகுதி நேரம், பகல்ல சொந்த வக்கீல் ஆபீஸ். நாலாவது வருஷமும் வேணும்னா யார் மனசு வைக்கணும்?

டெக்ஸஸ் தமிழச்சி

தாமு, உங்க ஊரை வச்சு எல்லா ஊரையும் எடை போடாதீங்க. இங்க முனிசிபல் கோர்ட்லயும் ஜூரி (தீர்ப்பு சொல்ற சாதாரண ஜனங்க) கேக்கலாம், 6 பேர். உங்க நியூ ஜெர்ஸியில ஜூரியே கிடையாது.

சிட்டிசன்ஷிப் வந்த கொஞ்ச நாள்லயே என்னை ஜூரிக்குக் கூப்பிட்டாங்க. ஸ்டாப் சைன்ல நிக்காத கேஸ். அபராதத்தைத் தவிர வேற தண்டனையே இல்லாத கிளாஸ் சி வகைக் குற்றம், 500 டாலருக்கு மேல போகாது. இதுக்கு ஆறு பேரான்னு எரிச்சலோட உக்காந்தேன். அந்த ஆள் பெயின்டர், வக்கீல் கிடையாது, சட்டையெல்லாம் சுண்ணாம்பு. போலீஸ்காரரை அவரே குறுக்கு விசாரணை பண்ணினார். "நீங்க நின்ன இடத்துலேர்ந்து போர்டு தெரிஞ்சுதா?" "தெரிஞ்சுது, பின்பக்கம்." "முன்பக்கம் தெரிஞ்சுதா?" "இல்ல." ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார், மரக்கிளை போர்டை மூடிட்டிருந்துச்சு. ஆறு பேரும் ஒத்துக்கணும், ஒத்துக்கிட்டோம். நாட் கில்டி. டோல்கேட்ல இது நடக்குமா?

டோல்கேட் தாமு

ஜூரி வரைக்கும் போறவங்க எத்தனை பேரும்மா? மத்தவங்க கட்டிட்டுப் போயிடுறாங்க. போலீஸ், பிராசிக்யூட்டர், ஜட்ஜ் மூணு பேருக்கும் செக் எழுதுறது ஒரே சிட்டி ஹால்.

கொலம்பஸ் குமார்

சிட்டி ஹாலா? ஒஹாயோவுல மேயரே ஜட்ஜ் சார். மேயர்ஸ் கோர்ட். சட்டம் படிச்சிருக்கணும்னு கூட இல்ல. (பெரிய ஊர்ல வக்கீல் ஒருத்தரை மாஜிஸ்ட்ரேட்டா போட்டுடுவாங்க.) ஒரு சின்ன வில்லேஜ்ல ஸ்பீடிங் டிக்கெட், போய் நின்னா எங்க சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு வந்தவர் கறுப்பு அங்கியில உக்காந்திருக்கார். ஜனவரியில பொன்னாடை போர்த்தினது நான்தான்! அவருக்கு அடையாளம் தெரிஞ்சுதா தெரியலையா, இன்னிக்கு வரைக்கும் விளங்கல. முழு அபராதம் போட்டார்.

தாமு சொல்ற விஷயம் 1927லயே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருக்கு. நார்த் காலேஜ் ஹில்னு ஒரு ஊர், மதுவிலக்கு காலம். குற்றவாளின்னு தீர்ப்பு சொன்னாத்தான் மேயருக்கு அந்தக் கேஸ்ல 12 டாலர். விட்டுட்டா ஒண்ணுமில்ல. டூமிங்கிற ஆள் 100 டாலர் அபராதத்தை எதிர்த்துப் போய் ஜெயிச்சார். 1972ல மன்ரோவில்ங்கிற இன்னொரு ஒஹாயோ ஊர் கேஸ்ல, பணம் மேயர் பைக்குப் போகாம ஊர்க் கஜானாவுக்குப் போனாலும் தப்புதான், ஊர் வருமானத்துல பெரும்பங்கு அபராதமா இருந்தான்னுட்டாங்க. அப்படியும் மேயர்ஸ் கோர்ட் இருக்கு. நம்ம மெட்ராஸ்லயும் 1688ல கார்ப்பரேஷன் ஆரம்பிச்சப்போ மேயரும் ஆல்டர்மேன்களும் (நகரசபை உறுப்பினர்கள்) உக்காந்து வழக்கு கேட்டவங்கதானே!

ராமநாதன் சார்

நானும் போயிருக்கேன், ஜூம்ல. டிராஃபிக் கேஸுக்கு வந்த ஒரு பையன் கார் ஓட்டிக்கிட்டே லைன்ல வந்தான், ஜட்ஜ் அம்மா "முதல்ல ஓரமா நிறுத்து"ன்னாங்க. அது இருக்கட்டும்.

மருமகப்பிள்ளை தம்பி, நியூ ஜெர்ஸியில இருக்கீங்க, இதெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கோங்க. இன்டர்பிரட்டர் இலவசம், ஆனா முன்கூட்டியே சொல்லணும், வீட்டு ஆளை வச்சு சமாளிக்காதீங்க. தேதியைத் தவற விடவே கூடாது. லைசென்ஸை சஸ்பெண்ட் பண்ணலாம், வாரண்ட்டும் வரலாம். தீர்ப்பு பிடிக்கலைன்னா 20 நாளைக்குள்ள சுபீரியர் கோர்ட்டுக்கு அப்பீல். வசதி இல்லாதவங்களுக்கு, பெரிய தண்டனை வரக்கூடிய கேஸா இருந்தா, பப்ளிக் டிஃபெண்டர் (கோர்ட்டே ஏற்பாடு பண்ணுற வக்கீல்) உண்டு. விண்ணப்பக் கட்டணம் 200 டாலர் வரைக்கும் கேப்பாங்க, அதையும் தள்ளுபடி கேக்கலாம். முக்கியமா, குட்டிக் கோர்ட்டுதானேன்னு நினைக்காதீங்க, 6 மாசம் வரைக்கும் ஜெயில் போடுற அதிகாரம் இருக்கு. கடையில 200 டாலருக்குக் கீழ திருடின கேஸ் இங்கதான் வரும், விசாவுல இருக்கிற பசங்க சீக்கிரம் முடிஞ்சா போதும்னு கில்டி சொல்லிட்டு அப்புறம் கிரீன் கார்டு நேரத்துல தலையில கைவச்சு உக்காருறாங்க. இமிக்ரேஷன் வக்கீலைக் கேக்காம வாயைத் திறக்காதீங்க.

மருமகப்பிள்ளை, நியூ ஜெர்ஸி

சார், மாமா எதையும் திருடல சார்.

சுகன்யா_ஜெர்ஸி

ஜட்ஜ், மேயர்னு சண்டை போடுறீங்க, கோர்ட்டை நடத்துறது கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்திருக்கிற அட்மினிஸ்ட்ரேட்டர்தான். கேஸ் தேதி, பணம், ஃபைல் எல்லாம் அவங்க கையில. பக்கத்து வீட்டுக்காரர் மிரட்டினார்னு நானே கம்ப்ளெயின்ட் குடுக்கப் போனேன் (போலீஸ் மூலமாத்தான் போகணும்னு இல்ல, தனி ஆளும் குடுக்கலாம்). ஃபாரத்தை வாங்கிப் படிச்சுட்டு, "வலது கையைத் தூக்குங்க"ன்னாங்க. அங்கயேவான்னு கேட்டேன். அங்கயேதான். பின்னாடி க்யூவுல கைக்குழந்தையோட ஒருத்தர் நின்னுட்டிருந்தார். சொன்னதெல்லாம் உண்மைன்னு சத்தியம் பண்ணிட்டுத் திரும்பினா, அவரும் பாதிக் கையைத் தூக்கி வச்சிருக்கார்.

கேஸ் ஜட்ஜ்கிட்ட போகவே இல்ல, மீடியேஷன்ல (சமரசப் பேச்சுல) முடிஞ்சுது. வேலிக்குச் செலவு ஆளுக்குப் பாதி.