எக்ஸ்ரே நார்மல், ஆனால் கணுக்கால் இன்னும் மடங்குகிறது

வியாசை_விங்கர்:
ஞாயிற்றுக்கிழமை காலையில் வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடுவோம். மூன்று வாரம் முன்னால் குழியில் கால் விழுந்து வலது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது, டப் என்று சத்தம் எனக்கே கேட்டது. சாயங்காலத்துக்குள் வீங்கி, இரண்டு நாளில் குதிகால் வரை நீலம் பாரித்தது. எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை, ஜவ்வு கிழிந்திருக்கு என்று டாக்டர் க்ரேப் பேண்டேஜ் எழுதிக் கொடுத்தார். வீட்டில் ஆயா 'நரம்பு புரண்டிருக்குடா' என்று நல்லெண்ணெய் போட்டு நீவிவிட, மறுநாள் வீக்கம் டபுள். இப்போது நடக்கிறேன், வலியும் பெரிதாக இல்லை, ஆனால் பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் படி இறங்கும்போது கால் திடீரென்று மடங்குகிறது. ஜவ்வா, நரம்பா? அடுத்த வாரம் மேட்ச், ஆடலாமா?

பழைய_கோலி:
ஆடாதே தம்பி. நான் பிசியோ, இது தினமும் பார்க்கிற கேஸ். எலும்பையும் எலும்பையும் கட்டுவது ஜவ்வு, தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். கோழிக்கால் கடிக்கும்போது கீழ் நுனியில் பல்லில் மாட்டும் வெள்ளைக் கயிறு இருக்கிறதே, அது தசைநாண். இரண்டுமே பெரும்பாலும் கொலாஜன் நூல்தான். சும்மா இருக்கையில் அலை அலையாக நெளிந்திருக்கும், இழுத்தால் முதலில் நெளிவு நிமிரும், ஏறக்குறைய 4 சதவீதத்துக்கு மேல் நீண்டால் உள்ளே இழை இழையாக அறத் தொடங்கும். பாதம் உள்பக்கம் மடங்கினால் முதலில் அடிபடுவது கணுக்காலின் வெளிப்பக்கம் முன்னால் இருக்கும் ஜவ்வு.

ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் கம்மி, அதனால் ஆறுவதும் மெதுவாகத்தான். முதல் சில நாள் வீக்கம், அந்த நேரத்தில் அழுத்தி நீவினால் கசிவு கூடும். அப்புறம் சில வாரத்துக்கு உடம்பு அவசரமாக மெல்லிசான கொலாஜனைக் கோணல்மாணலாகப் போட்டு ஓட்டையை அடைக்கும். அது கெட்டியாகி இழுவை வரும் திசையில் வரிசைப்பட ஒரு வருஷம்கூட ஆகலாம். நீ இன்னும் ஒட்டுப்போடுகிற கட்டத்தில்தான் இருக்கிறாய், வலி போனதை வைத்துக் கணக்குப் போடாதே.

ஆனால் ஆயா சொன்னதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கு. ஜவ்வுக்குள் நரம்பு நுனிகள் உண்டு, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. அதுவும் கெட்டதால்தான் படியில் மடங்குகிறது.

ராயபுரம்_ரவி:
எங்க அப்பாவுக்குச் சுளுக்கு எடுத்து ஒரே வாரத்தில் சரியானது. சும்மா பயமுறுத்தாதீங்க. ஆட்டுக்கால் பாயா குடிங்க, ஜவ்வு தானா வளரும்.

பழைய_கோலி:
அண்ணே, லேசான சுளுக்கு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒரு வாரத்தில் அடங்கும். பாயாவில் கொலாஜன் இருக்கு, ஆனால் வயிறு அதைச் செரித்து உடைத்துவிடும், கணுக்காலைத் தேடிப் போகாது. ருசிக்காகக் குடிக்கலாம்.

மூலக்கொத்தளம்_அக்கா:
எனக்கு முட்டியில் உள்பக்க ஜவ்வும் நடு ஜவ்வும் கிழிந்தது. உள்பக்கத்தது பிரேஸ் (முட்டியைத் தாங்கும் பட்டை) போட்டதிலேயே ஆறியது, நடுவில் இருப்பது ஆறவில்லை, ஆபரேஷன்தான். மூட்டுத் திரவத்துக்குள் இருப்பதால் அங்கே ரத்தம் உறைந்து நிற்பதில்லையாம். உனக்குக் கணுக்கால், தப்பித்தாய். ஆனால் படுத்தே கிடக்காதே தம்பி, சுமையே படாத ஜவ்வு இன்னும் பலம் குறையும்.

பழைய_கோலி:
அக்கா சொன்னது கரெக்ட். சுவரோரம் நின்று அடிபட்ட காலில் ஒற்றைக்காலாக 30 விநாடி, அது சுலபமானதும் கண்ணை மூடிக்கொண்டு. அப்புறம் நேர் ஓட்டம், கடைசியாகத்தான் வெட்டித் திரும்புவது. ஒரு பிசியோவிடம் நேரில் காலையும் காட்டிவிடு.

வியாசை_விங்கர்:
இப்போதே நின்று பார்த்தேன். இடது கால் 30 தாண்டியது. வலது 6. கேப்டனுக்கு மெசேஜ் போட்டுவிட்டேன்.